வேலி போடலாம், சாவி யாரிடம்?



ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு மாலை நேரம் போய்ப் பாருங்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் இரு பக்கமும் கடல். மக்கள் 'பெண் கடல்' என்று அழைக்கும் அமைதியான நீர் ஒரு பக்கம். 'ஆண் கடல்' என்று அழைக்கும் சீறும் நீர் மறுபக்கம். நடுவே கறுப்புத் தார்ச்சாலை. அதில் வேன்களும் கார்களும் பேருந்துகளும் அரிச்சல்முனையை நோக்கிப் பறக்கின்றன. சாலைக்குச் சற்றுத் தள்ளி, கீற்றுக் குடிசைகளுக்கு முன்னால், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பந்து சாலைக்கு ஓடும். பந்துக்குப் பின்னால் பிள்ளை ஓடும். எதிரே வேன் வரும்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுத் திடல் ஒதுக்கினால், அதைச் சுற்றி வேலி போட வேண்டுமா, வேண்டாமா?

'இது என்ன பெரிய பிரச்சினை? சமுதாயத்தின் தலைக்கு மேல் ஆயிரம் பிரச்சினைகள் தொங்கும்போது, மணல்வெளியில் போடப்படும் வேலியைப் பற்றி எழுத வேண்டுமா?' என்று சிலர் கேட்கலாம். 'அது மீனவர் பிள்ளைகளின் விஷயம், நமக்கென்ன?' என்றும் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதைக்கூட ஈமானின் ஒரு கிளையாகக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. அந்த முள் எந்தச் சாதிக்காரர் காலில் குத்தும் என்று விசாரித்துவிட்டு அகற்றச் சொல்லவில்லை. அதுமட்டுமல்ல! இதே கேள்வி நாளை நம்முடைய ஈத்கா திடலிலும், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்திலும் வந்து நிற்கும். பல ஊர்களில் ஏற்கெனவே வந்து நிற்கிறது. ஆகவே நிதானமாகச் சிந்திப்போம்.

சாலை வந்தது, வேகம் வந்தது

தனுஷ்கோடி ஒரு காலத்தில் ரயில் நிலையமும் துறைமுகமும் சுங்க அலுவலகமும் அஞ்சலகமும் இருந்த ஊர். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். நம் சமுதாய வணிகர்களின் பாட்டன்மார்களில் எத்தனையோ பேர் இலங்கைக் கடைகளுக்குப் போன வழி இது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டது. அந்த ரயிலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் கடலை நம்பிய மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விட்டுப் போகவில்லை. மணலைத் தோண்டி நன்னீர் எடுத்து, கீற்று வேய்ந்து, வலை உலர்த்தி வாழ்ந்தார்கள்.

புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே தார்ச்சாலை இல்லை. மணலிலும் நீரிலும் தட்டுத்தடுமாறிப் போகும் வேன்கள்தாம் இருந்தன. பிள்ளைகள் ஓடினால் வண்டிதான் நிற்கும். அதற்கு வேகமே கிடையாது. 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. நல்ல காரியம். மீன் ஏற்றிச் செல்ல, நோயாளியைக் கொண்டு செல்ல, பிள்ளைகள் மேல்படிப்புக்குப் போக அந்தச் சாலை வேண்டும். சுற்றுலாப் பயணிகளால் பிழைப்பும் வந்தது. மீன் வறுத்து விற்கிறார்கள். சங்கும் சிப்பியும் விற்கிறார்கள். ஆனால் அதுவரை முற்றமாக இருந்த மணல்வெளி, ஒரே நாளில் சாலையோரமாக மாறிவிட்டது. பிள்ளைகள் இடம் மாறவில்லை. அவர்கள் விளையாடிய இடத்தின் தன்மை மாறிவிட்டது. இந்த மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வேலியைப் பற்றிப் பேச வேண்டும்.

வேண்டும் என்பவர்களின் நியாயம்

வேலி வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குச் சாலை விதி தெரியாது. வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநருக்கு அங்கே பிள்ளைகள் இருப்பதே தெரியாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பாதுகாப்பு ஏற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானது அல்ல.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்கிறது. அதே அட்டவணை, பள்ளிக் கட்டடத்துக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளி என்றால் திடலும் வேண்டும். அதற்குக் காப்பும் வேண்டும்.

வேலி இல்லாத திடலுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்விடும். முதலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். பிறகு வேன்கள் நிறுத்தும் இடமாகும். பிறகு யாரோ ஒருவர் கொட்டகை போடுவார். அரியானா மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியின் திடலை ஆக்கிரமித்து வீடு கட்டிக்கொண்டவர்கள், சந்தை விலையைக் கொடுத்து அந்த நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது. திடல் இல்லாமல் ஒரு பள்ளி இருக்க முடியாது என்ற கருத்தை நீதிபதிகள் அழுத்தமாகச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகளின் இடத்தை மீட்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்காக யார் டெல்லி வரை போவார்கள்?

வேண்டாம் என்பவர்களின் அச்சம்

இனி மறுபக்கத்தைக் கேளுங்கள். கடலோர மக்களுக்கு 'வேலி' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும். அது வீண் பயம் அல்ல. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அத்தீவுகளுக்குப் போய்வந்த மீனவர்களும், பாசி எடுத்துப் பிழைத்த பெண்களும் அங்கே அந்நியர்களானார்கள். 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியிலேயே சுமார் 525 ஹெக்டேர் பரப்பு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த மணலில் கோடு கிழிக்கப்படும்போதெல்லாம், 'இந்தக் கோட்டுக்கு உள்ளே நானா, வெளியே நானா?' என்று அந்த மக்கள் கேட்பது இயல்பு அல்லவா?

திடலுக்கு வேலி என்றாலும் அதே கேள்விதான். வலை உலர்த்தும் இடம் அடைபடுமா? வள்ளத்துக்குப் போகும் பாதை மறிக்கப்படுமா? இன்று 'பிள்ளைகள் பாதுகாப்பு' என்று சொல்லிப் போடும் வேலியில், நாளை 'அனுமதி பெற்று உள்ளே வரவும்' என்ற பலகை தொங்குமா? மறுநாள் கட்டணச் சீட்டுக் கொடுக்க ஒருவர் வந்து உட்காருவாரா?

இது கற்பனை அல்ல. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடத் தீர்மானம் போட்டது. ஒருவர் ஒரு மணி நேரம் விளையாட 120 ரூபாய்! குப்பத்துப் பையன்கள் பந்து உதைத்துப் பழகிய சென்னையில், பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் விளையாட 1,200 ரூபாய்! எதிர்ப்புக் கிளம்பியதும் தீர்மானத்தை உடனே திரும்பப் பெற்றார்கள். பெற்றது நல்லது. ஆனால் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. அந்தத் திடல்களுக்கு வேலியும் கதவும் முன்பே இருந்தன. அப்போதெல்லாம் யாரும் எதிர்க்கவில்லை. கதவின் சாவி கைமாறப் போகிறது என்றதும்தான் மக்கள் விழித்துக்கொண்டார்கள்.

அடைப்பு ஆபத்தாகும்போது

காப்புக்கும் அடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம் மாவட்டம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. 'ஓடிவிடக் கூடாது' என்ற பாதுகாப்புக் காரணத்துக்காகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து மடிந்தார்கள். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியில் தீப்பிடித்தபோது, தப்பிக்கப் போதிய வழியின்றி 94 பிஞ்சுகள் கருகின. நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது!

திடலில் தீப்பிடிக்காது என்று சொல்லாதீர்கள். தனுஷ்கோடியில் திடீரென்று கடல் ஏறும். 1964-ல் ஏறியது. அப்படி ஒரு நாள் பிள்ளைகள் ஓட வேண்டிய திசையில் பூட்டிய கதவு இருந்தால், அந்த வேலி யாரைக் காத்தது? உள்ளே வருவதற்கு ஒரே வழியும், வெளியேறுவதற்கு அதே வழியும் இருக்கும் எந்த அடைப்பும் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

இஸ்லாம் காட்டும் அளவுகோல்

அப்படியானால் வேலியே கூடாதா? மார்க்கம் என்ன வழி காட்டுகிறது என்று பாருங்கள். அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. செழிப்பான மேய்ச்சல் நிலத்தைக் கண்டால், ஒரு மேட்டில் நாயைக் குரைக்கவிடுவார்கள். அந்தக் குரைப்பொலி எட்டும் தூரம்வரை நிலம் அந்தத் தலைவனுக்குச் சொந்தம். வேறு யாரும் கால்நடையைக் கொண்டு வரக் கூடாது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இப்படி அடைத்த நிலத்துக்கு 'ஹிமா' என்று பெயர். தனிமனிதன் தன் பலத்தைக் காட்டி அடைக்கும் இந்த ஹிமாவை நபி (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும், அதாவது பொதுநலனுக்காக மட்டுமே ஹிமா உண்டு என்று ஆக்கினார்கள். முஸ்லிம்களின் பொதுக் குதிரைகளுக்காக 'நகீஃ' என்ற இடத்தை அவர்களே ஒதுக்கினார்கள். ஆக, அடைப்பு என்பது முற்றாக விலக்கப்படவில்லை. யாருக்காக என்பதுதான் அளவுகோல்.

இதைவிடத் தெளிவான பாடம் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் இருக்கிறது. அவர்கள் ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அவருக்கு என்ன உத்தரவு தெரியுமா? கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடு; அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் போன்ற செல்வந்தர்களின் மந்தைகளை விடாதே என்பது அதன் கருத்து. செல்வந்தர்களின் கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள். கவனியுங்கள்! அந்த இருவரும் சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட உத்தம ஸஹாபிகள். அவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பொது இடத்தின் வாசலில் முதல் உரிமை வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு என்று உமர் (ரலி) வகுத்தார்கள்.

தனுஷ்கோடித் திடலுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பாருங்கள். சுற்றுலா வருகிறவருக்கு ஊரில் வேறு பூங்கா இருக்கிறது. வேனுக்கு நிற்க வேறு இடம் கிடைக்கும். அந்த மணலை விட்டால் வேறு இடம் இல்லாதவர் யார்? குடிசைப் பிள்ளைகள்தாம்! அவர்களை உள்ளே வைத்து வாகனத்தை வெளியே நிறுத்தும் வேலி சரியான வேலி. அவர்களை வெளியே நிறுத்தும் வேலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அநியாயமான வேலி.

எப்படிப்பட்ட வேலி?

எனவே நம் கருத்து இது. வேலி போடலாம். ஆனால் கீழ்க்கண்டவற்றை எண்ணிப் பார்த்துப் போட வேண்டும்.

முதலாவது, வேலிக்கு முன்னால் வேகத்தடை. ஆபத்து பிள்ளையிடமிருந்து வரவில்லை, வாகனத்திலிருந்து வருகிறது. ஆபத்து எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் முதல் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் பகுதி என்ற அறிவிப்புப் பலகையும், வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் தேசிய நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டுப் பெற வேண்டியவை. இதைச் செய்யாமல் பிள்ளைகளை மட்டும் கம்பிக்குள் போடுவது, குற்றவாளியை விட்டுவிட்டுப் புகார் கொடுத்தவனை அடைப்பதற்குச் சமம்.

இரண்டாவது, சாலைப் பக்கம் வேலி. வீட்டுப் பக்கம் திறப்பு. தாய்மார்கள் குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே பிள்ளைகளைப் பார்க்க முடிய வேண்டும். உயரம் இடுப்பளவு போதும். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். கண்ணை மறைக்கும் உயரமான சுவர் கெட்டவனுக்கு மறைவிடமாகும். கடல் பக்கம் என்ன செய்வது என்பதை அந்தத் தாய்மார்களிடமே கேளுங்கள். எந்த மாதத்தில் எந்தக் கடல் சீறும் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, குறைந்தது இரண்டு வழிகள், எதிரெதிர்த் திசையில். கதவு வேண்டுமானால் வெளிப்பக்கம் திறக்கட்டும். நோயாளியைத் தூக்கிச் செல்லவும், கால் நடக்க முடியாத பிள்ளையின் சக்கர நாற்காலி நுழையவும் அகலம் வேண்டும். பூட்டு வேண்டவே வேண்டாம். மாடும் வண்டியும் நுழையாமல் இருக்க வாசலில் இரண்டு கல்லுக்கால் ஊன்றினால் போதும். பிள்ளைகள் அதன் இடையே புகுந்து போவார்கள்.

நான்காவது, அந்த மண்ணுக்கு ஏற்ற பொருள். கச்சான் காற்றிலும் வாடைக் காற்றிலும் மணல் பறக்கும் இடம் அது. அங்கே செங்கல் சுவர் எழுப்பினால் மணல் சுவரில் மோதிக் குவியும், அடி அரிக்கும், ஒரு நாள் விளையாடும் பிள்ளையின் மீதே சாயும். இரும்புக் கம்பி உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கத்தியாகிவிடும். முள்கம்பியையும் கருவேல முள்ளையும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு அருகில் கொண்டு வரக் கூடாது. காற்றை ஊடே விட்டு வேகத்தைத் தணிக்கும் பனைமட்டை வேலி நம் மாவட்டத்தின் சொந்தச் சரக்கு. கல்லுக்கால் ஊன்றிப் பனைமட்டை கட்டினால் செலவும் குறைவு. உள்ளூர்க்காரருக்கு வேலையும் கிடைக்கும். கெட்டுப்போனால் ஊராரே மாற்றிக்கொள்ளலாம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கும் இடத்தில் நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி கேட்டு அலைவதும் மிச்சம். ஆனாலும் எதைச் செய்தாலும் உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

ஐந்தாவது, மிக முக்கியமானது, சாவி. திடலைப் பராமரிக்கும் குழுவில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் இருக்க வேண்டும். கட்டணம் இல்லை, வாடகை இல்லை, கொடி இல்லை என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகள்

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களின் நடுவில் ஆய்வு செய்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் பூங்காக்களுக்கு வருவது சட்டென்று குறைவதைக் கண்டார்கள். யாரும் 'வராதே' என்று சொல்லவில்லை. பெரிய பையன்கள் மைதானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் சண்டை போடாமல் ஒதுங்கிவிட்டார்கள். 1999 முதல் அந்நகரம் சில பூங்காக்களை மாற்றி அமைத்தது. ஒரே பெரிய வெளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, வேறு விளையாட்டுகளுக்கும் உட்கார்ந்து பேசவும் இடம் செய்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

'அது ஐரோப்பா' என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் தெருக்களில் என்ன நடக்கிறது? ஆண் பிள்ளைக்குத் தெரு முழுவதும் மைதானம். பெண் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையும் செல்போனும். ஒரே வாசலும், அந்த வாசலில் சாய்ந்து நிற்கும் நான்கு வாலிபர்களும் இருந்தால் எந்தப் பெண் பிள்ளை உள்ளே போகும்? எந்தத் தாய் அனுப்புவார்? பள்ளிவாசல் முற்றத்தில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அலுப்புத் தீரும்வரை பார்க்க நபி (ஸல்) அவர்கள் துணை நின்றார்கள். அந்த நபியின் சமுதாயம் தன் பெண் பிள்ளைகளுக்கு ஒரு திடலில் ஒரு மூலையையாவது ஒதுக்க வேண்டாமா? வேலி அவர்களைக் காக்கவும் செய்யலாம், விரட்டவும் செய்யலாம். வாசலை எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

ஈத்கா திடலுக்கு வருவோம்

இனி நம் ஊருக்கு வருவோம். நம் பகுதியின் பல ஊர்களில் ஈத்கா திடல்தான் பிள்ளைகளின் மைதானம். வருடத்தில் இரண்டு பெருநாள் தொழுகை. மற்ற நாட்களில் கால்பந்து, கைப்பந்து, கிரிக்கெட். இப்போது சுற்றுச்சுவர் எழுப்பிப் பூட்டுப் போடும் பேச்சு ஆங்காங்கே எழுகிறது. காரணமும் புரிகிறது. வக்ஃப் நிலங்கள் பறிபோன வரலாறு நமக்குத் தெரியும். 2025-ல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்த பிறகு அச்சம் கூடியிருக்கிறது. 'நிலத்தை அடைத்தால்தான் மிஞ்சும்' என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள்.

பெரியவர்களை மதித்தே சொல்கிறோம். சுவர் மட்டும் நிலத்தைக் காக்காது. நில அளவை செய்து எல்லைக்கல் நட்டீர்களா? பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பழைய ஆவணங்கள் முத்தவல்லியின் வீட்டுப் பெட்டியிலா, ஜமாஅத் அலுவலகத்தில் நகலோடு இருக்கின்றனவா? தாளில் ஓட்டை இருக்கும்போது சுவரில் சிமெண்ட் பூசிப் பயன் இல்லை. அதோடு இன்னொன்று. தினமும் முந்நூறு பிள்ளைகள் ஓடியாடும் திடலில் எவனும் இரவோடு இரவாகக் கொட்டகை போட முடியாது. மறுநாள் காலை ஊரே கூடிவிடும். பூட்டிக் கிடக்கும் திடலில்தான் கருவேலம் வளரும்; ஆக்கிரமிப்பும் வளரும். பிள்ளைகளின் காலடிகளே நல்ல எல்லைக்காவல்.

பூட்டிய ஈத்கா திடலுக்கு வெளியே நிற்கும் வாலிபன் எங்கே போவான்? போதைப்பொருள் விற்பவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் காத்திருக்கிறான். இதை ஜமாஅத்தார்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வணிகப் பெருமக்களே! இளைஞர்களே!

வணிகர்களே! சுற்றுலா வருகிறவர்களால் நாமும் சம்பாதிக்கிறோம். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் கடை, விடுதி, வேன் என்று தொழில் செய்யும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் வேன் உங்களுடையதாக இருந்தால், குடிசைப் பகுதியில் மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணலில் வண்டியை நிறுத்தாதீர்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. இன்று மாலையே செய்யலாம். திடலுக்குப் பொருள் வாங்கித் தர முடிந்தால் தாருங்கள். ஆனால் வேலி முழுவதும் கடையின் பெயர்ப்பலகையை மாட்டி அதை விளம்பரத் தட்டி ஆக்கிவிடாதீர்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாத தர்மத்தின் சிறப்பை நீங்கள் அறிவீர்கள்.

இளைஞர்களே! உங்களுக்குக் களப்பணி இருக்கிறது. நான்கு பேர் ஒரு வாரம் மாலை நேரத்தில் உட்கார்ந்து, எத்தனை வாகனங்கள் போகின்றன, எத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள், எத்தனை முறை பந்து சாலைக்குப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மீனவர் சங்கத்தாரையும் பள்ளி ஆசிரியர்களையும் சந்தியுங்கள். அவர்கள் முன்னே நிற்கட்டும்; நாம் தோளோடு தோள் நிற்போம். பிறகு அந்தக் கணக்கை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும், நெடுஞ்சாலைத் துறைக்கும், கல்வி அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். எண்ணிக்கையோடு போகும் மனுவைத் தூக்கி எறிவது கடினம்.

முடிக்கும் முன் ஒரு வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தொப்பி அணிந்த ஒரு சிறுவன் பூணூல் அணிந்த தன் நண்பனின் அருகில் முன்வரிசையில் அமர்ந்திருந்தான். புதிதாக வந்த ஆசிரியர் அவனைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத வேலி அது. நண்பன் அழுதான். நண்பனின் தந்தை, ராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்களான லட்சுமண சாஸ்திரிகள், அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பிஞ்சு உள்ளங்களில் விஷம் விதைக்காதே என்ற கருத்தில் கண்டித்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ.பி.ஜே. அப்துல் கலாம். தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். அன்று நம் பிள்ளைக்கும் தன் பிள்ளைக்கும் நடுவே போடப்பட்ட வேலியைப் பிடுங்கி எறிய ஒரு கோயில் குருக்கள் முன்வந்தார். இன்று மீனவர் பிள்ளைகளுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு நல்ல வேலி போட, பள்ளிவாசல் தெருவிலிருந்து நான்கு பேர் போக வேண்டாமா?

வேலி வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டுக் கொண்டிருந்தால் முடிவே வராது. அது யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தனுஷ்கோடி மணலிலும் கேளுங்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் ஈத்கா திடலைப் பற்றிய பேச்சு வரும்போதும் எழுந்து நின்று கேளுங்கள்.

பிள்ளைகளைப் பாதுகாக்கும் பொறுப்பையும், அவர்களின் விளையாட்டைப் பறிக்காத நல்லுள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.